நீரும் நிலமும்: செலனியமும் நீர்த்தாவரங்களும் – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், கழிவுநீரில் கரைந்திருக்கும் செலனியம் என்ற தனிமத்தை நீர்த்தாவரங்களைக் கொண்டு குறைக்கலாம் என்று நான்கு வரிக் குறிப்பு ஒன்று வெளியாகியிருந்தது. நான்கு வரி போதாது என்பதைத் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்கள் காட்டின. ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் கிணற்று நீரில் செலனியம் இருக்குமோ என்று பயமாக உள்ளது. ஆகாயத்தாமரையைக் கிணற்றில் மிதக்க விட்டால் அது செலனியத்தை எடுத்துவிடுமா? (கிண்ணியா வாசகி)

பதில்: கிணற்றில் எந்தச் செடியையும் போட வேண்டாம். குடிநீரைச் சுத்தமாக்கும் வழி இதுவல்ல. இலையும் வேரும் அழுகி நீரில் கலக்கும், நுளம்பு பெருகும், நீரின் நிறமும் மணமும் கெடும். ஊதாப்பூ பூக்கும் ஆகாயத்தாமரையை வளர்ப்பதற்கும் வைத்திருப்பதற்கும் எதிராக இலங்கையில் 1909 ஆம் ஆண்டிலேயே தனிக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஒரு செடி வாய்க்காலுக்குத் தப்பினால் அடுத்த மாரிக்குள் குளத்தையே மூடிவிடும்.

முதலில் நீரைப் பரிசோதியுங்கள். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 40 மைக்கிரோகிராம் வரை செலனியம் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கடலோரக் கிணறுகளில் உப்பு, வயல்களை அண்டிய கிணறுகளில் நைத்திரேற்று, உள்நாட்டுக் குழாய்க்கிணறுகளில் வன்மையும் புளோரைட்டும்: நம் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான். 2000 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இலங்கைக் கிராமங்களில் பெண்களின் தலைமயிரை ஆராய்ந்து, அவர்களில் கணிசமானோருக்குச் செலனியம் போதாமல் இருக்கலாம் என்றே சொன்னது. செலனியம் உடலுக்குத் தேவையான சத்து. வளர்ந்தவருக்கு நாளுக்கு 55 மைக்கிரோகிராம் வேண்டும். தேவைக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள இடைவெளி சிறியது என்பதுதான் இதன் சிக்கல்.

பரிசோதனையில் அளவு கூடுதலாக வந்தால், நீரை நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தித் தள்ளும் ஆர்.ஓ. வடிகட்டி அதை நன்றாகக் குறைக்கும். கொதிக்க வைப்பதால் பயன் இல்லை. நீர் ஆவியாகிப் போகும், செலனியம் பானையில் செறிவாகி நிற்கும்.

கேள்வி: சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு இருந்த காலத்தில்தான் செலனியம் என்ற சொல்லையே கேள்விப்பட்டோம். நிலக்கரிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? (சம்பூர்)

பதில்: அந்தத் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது. தொடர்பு இதுதான்: நிலக்கரியில் சிறிதளவு செலனியம் உண்டு. எரியும்போது அது ஆவியாகி, புகை குளிரும் இடத்தில் பறக்கும் சாம்பலின் மேற்பரப்பில் படியும். அந்தச் சாம்பலை நீரால் கழுவிக் குளத்தில் தேக்கினால் செலனியம் கரைந்து வெளியேறும். ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலைனாவில் பெலூஸ் ஏரிக்கு 1974 முதல் சுமார் பத்தாண்டுகள் சாம்பல் குளத்து நீர் விடப்பட்டது. ஏரி நீரில் செலனியம் லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் அளவில்தான் இருந்தது. குடிநீர் எல்லைக்குள் வரும் நீர் அது. ஆயினும் அங்கிருந்த மீன் இனங்களில் பெரும்பாலானவை இனப்பெருக்கம் அற்றுப்போய் அழிந்தன. பாசி முதலில் உறிஞ்சும், பாசியைத் தின்னும் பூச்சியில் ஏறும், பூச்சியைத் தின்னும் மீனின் முட்டையில் குவியும். மனிதன் குடிக்கக்கூடிய நீரில் மீன் பிழைக்காமல் போனது இப்படித்தான். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2016 இல் ஏரி, குளம் போன்ற நிலைநீருக்கு லீற்றருக்கு 1.5 மைக்கிரோகிராம் என்றும் ஓடும் நீருக்கு 3.1 மைக்கிரோகிராம் என்றும் எல்லை வகுத்ததற்கு இந்தப் பாடமே காரணம்.

நிலக்கரி மட்டுமல்ல. எண்ணெய் சுத்திகரிப்பு, செம்பு சுத்திகரிப்பு, கண்ணாடித் தொழில், பீங்கான் வர்ணம், செலனியம் மிகுந்த பாறையின் மேல் செய்யும் பாசன வேளாண்மை என்று மூலங்கள் பல.

கேள்வி: செடி உறிஞ்சிய செலனியம் கடைசியில் எங்கே போகிறது? (திருகோணமலை நகரம், உயர்தர மாணவர்)

பதில்: எல்லாக் கேள்விகளிலும் இதுதான் தலையாயது. மூன்று வழி உண்டு: செடியின் உடல், சேறு, காற்று.

நீரில் செலனியம் பெரும்பாலும் செலனேற்று, செலனைற்று என்ற இரு வடிவங்களில் இருக்கும். செலனேற்று பார்வைக்குச் சல்பேற்றைப் போன்ற அயன். வேரில் சல்பேற்றை உள்ளே விடும் வாயில் வழியாகவே இதுவும் நுழைந்து தண்டுக்கும் இலைக்கும் ஏறும். செலனைற்று பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். ஆகவே செலனைற்று கலந்த நீரில் மேல்தண்டை மட்டும் அறுத்தால் அகற்றுவது சொற்பம். உள்ளே போனதில் ஒரு பங்கைச் செடியும் வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிரும் இருமெதைல் செலனைட் என்ற வாயுவாக்கி வெளியே விடும். செடி செய்யும் வேலைகளில் அழகானது இதுதான். ஏனெனில் அந்த வாயு, கரைந்த செலனியத்தைவிடப் பல நூறு மடங்கு நச்சுக் குறைந்தது.

ஆனால் பெரும்பங்கு போவது சேற்றுக்கு. ஒட்சிசன் இல்லாத சேற்றில் பற்றீரியாக்கள் செலனேற்றைச் செலனைற்றாகவும், பின் கரையாத செந்நிறத் தனிமச் செலனியமாகவும் மாற்றிப் படிய விடும். செடி மடிந்து உதிரும் இலையும் வேரும்தான் அந்தப் பற்றீரியாக்களுக்கு உணவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 10,000 லீற்றர் கழிவுநீர், லீற்றருக்கு 50 மைக்கிரோகிராம் செலனியம். நாளுக்கு அரைக் கிராம், வருடத்துக்குச் சுமார் 182 கிராம். ஒரு தொன் பச்சை நீர்ச்செடியைக் காயவைத்தால் 60 கிலோ அளவில் மிஞ்சும். அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் செலனியம் சேர்ந்திருந்தால் ஒரு தொன்னில் மொத்தம் 1.2 கிராம். 182 கிராமையும் செடியை அறுத்தே எடுப்பதென்றால் வருடத்துக்கு 150 தொன் பச்சைச் செடி அறுக்க வேண்டும். ஒருவராலும் ஆகாது. ‘செடி நட்டால் செலனியம் போய்விடும்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். செடி சேற்றை வளர்க்கிறது, சேறுதான் செலனியத்தைப் பிடிக்கிறது.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டி எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் நீருக்காக அமைத்த 36 ஹெக்டயர் ஈரநிலத்தை, கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 1998 இல் முடிவை வெளியிட்டனர். லீற்றருக்கு 20 முதல் 30 மைக்கிரோகிராமுடன் நுழைந்த நீர் 5 இற்கும் குறைவாக வெளியேறியது. ஏறத்தாழ 89 வீதம் குறைந்தது. அதில் 10 முதல் 30 வீதம் வரை காற்றில் போயிருக்கலாம் என்று மதிப்பிட்டனர்.

கேள்வி: பாடசாலைச் செயற்றிட்டமாக இதைச் செய்துகாட்ட விரும்புகிறோம். எந்தச் செடி, எவ்வளவு நீர், என்ன அளவு என்று விவரமாகச் சொல்லுங்கள். (மூதூர், உயிர்முறைமைகள் தொழினுட்ப ஆசிரியர்)

பதில்: குளங்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் பச்சைப் பொட்டுகளாக மிதக்கும் டக்வீட் போதும். மிதக்கும் சிறு பன்னமான அசோலாவும் நல்லது, ஆனால் நம் வெயிலில் அது சிரமப்படும். நீர் 35 பாகையைத் தாண்டினால் சிவந்து சுருளும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எதைச் செய்தாலும் கிடுகுப் பந்தலின் கீழ் செய்யுங்கள்.

முதலில் பாதுகாப்பு. சோடியம் செலனேற்று கடும் நஞ்சு. அந்தத் தூளைப் பாடசாலையில் நிறுக்கவே கூடாது. லீற்றருக்கு 100 மில்லிகிராம் செலனியம் உள்ள கரைசலை ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தயாரித்துப் பெயர் ஒட்டிய போத்தலில் பெற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் நீரற்ற சோடியம் செலனேற்றில் 239 மில்லிகிராமை ஒரு லீற்றரில் கரைப்பார்கள். தொட்டியில் ஊற்றுவது ஆசிரியர், கையுறையுடன். மாணவர் அளப்பதும் எழுதுவதும்.

விட்டம் 40 சென்ரிமீற்றர் உள்ள பிளாஸ்ரிக் பேசின்கள் 15 எடுத்து, ஒவ்வொன்றிலும் 20 லீற்றர் நீர் விட்டு, நீர்மட்டத்தில் அழியாத மையால் கோடு போடுங்கள். குழாய் நீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வையுங்கள். ஐந்து வகை, வகைக்கு மூன்று பேசின். முதலாவதில் செலனியம் மட்டும், செடி இல்லை. இரண்டாவதில் செடி மட்டும், செலனியம் இல்லை. மூன்றாவதில் இரண்டும். நான்காவதில் இரண்டுடனும் லீற்றருக்கு 100 மில்லிகிராம் சல்பேற்று. ஐந்தாவதில் செடி, செலனியம், அடியில் 5 சென்ரிமீற்றர் குளத்துச் சேறு. முதலாவது வகையைப் பலரும் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் பேசின் சுவரில் ஒட்டியதும் பாசி எடுத்ததும் செடியின் கணக்கில் ஏறிவிடும்.

செலனியம் சேர்க்க வேண்டிய பேசினுக்கு 20 மில்லிலீற்றர் கரைசல் விட்டால் லீற்றருக்கு 100 மைக்கிரோகிராம் ஆகும். நான்காவது வகையின் சல்பேற்றுக்குப் பேசினுக்கு எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேற்று) 5.1 கிராம். ஊட்டமாக ஹோக்லண்ட் கரைசலைக் கால்பங்கு வலிமையில் பயன்படுத்தலாம். ஆனால் அதில் மக்னீசியம் சல்பேற்று இருப்பதால் அதற்குப் பதில் மக்னீசியம் குளோரைட்டும், மற்றப் பேசின்களுக்கும் செடி பட்டினி கிடக்காத அளவுக்குச் சிறிது எப்சம் உப்பும் போதும். நான்காவது வகையில் செடி எடுக்கும் செலனியம் குறைந்து நிற்பதை மாணவர் தாங்களே காணட்டும். உப்புத் தட்டும் கிணற்று நீரை இந்தச் சோதனைக்கு எடுக்கக்கூடாது. கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம் சல்பேற்று உண்டு. நூறில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே 27 மில்லிகிராம், அதாவது நீங்கள் இட்ட செலனியத்தைப் போல் 270 மடங்கு எடை. செலனேற்றுக்கு வாயிலில் இடம் கிடைக்காது.

டக்வீட்டை மூன்று முறை கழுவி, நத்தையையும் பூச்சியையும் பொறுக்கி எடுத்து, தாளில் ஒற்றி, பேசினுக்கு 60 கிராம் இடுங்கள். அது நீர்மேல் ஒற்றை அடுக்காகப் பரவும். கூடுதலாக இட்டால் அடியிலுள்ளவை வெளிச்சமின்றி அழுகி, எடுத்த செலனியத்தைத் திருப்பி நீரில் விடும். ஆறாம், ஏழாம் நாளில் அளவு திடீரென ஏறினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒவ்வொரு காலையிலும் கோடு வரை மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் விட்டு நிரப்புங்கள். வெயில் காலத்தில் நாளுக்கு 5, 6 மில்லிமீற்றர் ஆவியாகும். நிரப்பாமல் விட்டால் செடி எடுத்தாலும் செறிவு கூடியதாகவே தெரியும். 0, 1, 3, 7, 10 ஆம் நாட்களில் 50 மில்லிலீற்றர் வீதம் மாதிரி எடுங்கள். பரிசோதனைச் செலவு தாங்காவிட்டால் 0 ஆம் நாளும் 10 ஆம் நாளும் போதும். முடிவில் செடியைக் கழுவி, 60 பாகையில் எடை மாறாதவரை காயவைத்து, அரைத்து அனுப்புங்கள். 100 பாகைக்கு ஏற்றினால் செலனியத்தில் ஒரு பங்கு ஆவியாகிவிடும்.

எதிர்பார்க்கக்கூடியது என்ன? பத்து நாளில் செடி இரட்டித்து 120 கிராம் ஆனால் உலர்நிறை 7 கிராம். கிலோவுக்கு 50 மில்லிகிராம் சேர்ந்திருந்தால் செடியில் 350 மைக்கிரோகிராம். நீங்கள் இட்டதோ 2,000. ஆறில் ஒரு பங்குதான். சேறு போட்ட பேசினில் நீரிலுள்ள அளவு இதைவிடக் குறைந்திருந்தால் முந்தைய பதிலில் சொன்னதை மாணவர் கண்ணால் கண்டதாகும். மிஞ்சிய நீரையும் சேற்றையும் கானிலோ கிணற்றடியிலோ கொட்டாமல், கரைசல் தந்த ஆய்வுகூடத்திடமே ஒப்படையுங்கள். இதை முன்கூட்டியே பேசி வைத்துவிட்டுத்தான் சோதனையைத் தொடங்க வேண்டும்.

கேள்வி: எங்கள் சிறு தொழிலகத்தில் பீங்கானுக்குச் சிவப்பு மினுக்க வர்ணம் பூசுகிறோம். கழிவுநீர் நாளுக்கு 10,000 லீற்றர். பரிசோதனையில் லீற்றருக்கு 50 மைக்கிரோகிராம் செலனியம் வந்தது. சம்புப்புல் வளர்த்து ஈரநிலம் அமைக்க எவ்வளவு காணி வேண்டும்? (கந்தளாய்)

பதில்: காணிக்கு முன் ஒன்று. சிவப்பு, செம்மஞ்சள் மினுக்க வர்ணங்களில் செலனியத்துடன் கட்மியமும் இருப்பது வழக்கம். கட்மியத்துக்கும் பரிசோதியுங்கள். வர்ணத் துகளாக நீரில் மிதப்பதைத் தேக்கத் தாங்கியில் முதலில் படிய விட்டு எடுங்கள். கரைந்ததற்கு மட்டுமே ஈரநிலம். துகளையும் அங்கே விட்டால் சில வருடங்களில் நச்சுச் சேற்றுக் குழிதான் மிஞ்சும். அமைப்பை மாற்றுமுன் உங்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைப் பற்றி மத்திய சுற்றாடல் அதிகாரசபையுடன் பேச வேண்டும்.

இனிக் கணக்கு. நீர் ஈரநிலத்தில் 10 நாள் தங்க வேண்டும். 10 கனமீற்றர் வீதம் 10 நாளுக்கு 100 கனமீற்றர். நீரின் ஆழம் 40 சென்ரிமீற்றர். தண்டும் சருகும் பிடிக்கும் இடம் போக முக்கால் பங்குதான் நீருக்கு. 100 ஐ 0.4 ஆலும் 0.75 ஆலும் வகுத்தால் 333 சதுர மீற்றர், சுமார் 13 பேர்ச். வரம்புக்கும் நடைபாதைக்கும் சேர்த்து 20 பேர்ச் ஒதுக்குங்கள்.

ஒரே குளமாக வெட்டாதீர்கள். நீர் எப்போதும் குறுக்கு வழி தேடும். ஓரமாக ஒரு கோடு பிடித்து இரண்டு நாளில் வெளியேறிவிட்டால் பத்து நாள் கணக்கு ஏட்டில்தான். 21 மீற்றர் நீளமும் 5.3 மீற்றர் அகலமுமாக மூன்று தொட்டிகளைத் தொடராக அமையுங்கள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் அகலம் முழுவதும் துளையிட்ட குழாய் கிடக்க வேண்டும், கடைவாயில் மட்டத்தை ஏற்றி இறக்கக்கூடிய முழங்கைக் குழாய் வேண்டும். அடியில் 30 சென்ரிமீற்றர் களிமண்ணை ஈரப்பதத்துடன் இடித்து இறுக்குங்கள். மணல் தரையானால் தடித்த பொலித்தீன் விரிப்பு கட்டாயம், இல்லாவிட்டால் செலனியம் அயல் கிணற்றுக்குப் போகும். அதன்மேல் 25 சென்ரிமீற்றர் வயல் மண், சதுர மீற்றருக்கு ஒரு கிலோ வைக்கோல். வைக்கோலை மண்ணோடு கிளறி விடுங்கள், மேலே போட்டால் மிதந்து கடைவாயை அடைக்கும்.

சம்புக் கிழங்கை ஒரு முழத் தண்டு விட்டு வெட்டி, சதுர மீற்றருக்கு நான்காக நடுங்கள். வெட்டிய தண்டின் நுனி நீருக்கு மேலே நிற்க வேண்டும். நுனி மூழ்கினால் கிழங்குக்குக் காற்றுப் போகாமல் அழுகும். நட்டவை பிழைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். முதல் மாதம் 5 முதல் 10 சென்ரிமீற்றர் நல்ல நீர், பிறகு மெல்ல மெல்ல ஏற்றி மூன்றாம் மாதம் முழு ஆழம். கழிவுநீரை அதற்குப் பிறகே விடுங்கள். வைக்கோல் ஊறி முதல் சில வாரம் நீர் தேயிலைச் சாயம் போல வரும். அதை வெளியே விடாமல் தலைத் தொட்டிக்கு, அதாவது முதல் தொட்டிக்கு, திரும்பப் பம்ப் பண்ணுங்கள்.

வேலை செய்கிறதா என்று அறிய அடிக்கடி செலனியம் பார்க்கத் தேவையில்லை, நைத்திரேற்றைப் பாருங்கள். பற்றீரியா முதலில் ஒட்சிசனையும், அடுத்து நைத்திரேற்றையும், அவை தீர்ந்த பின்பே செலனேற்றையும் பயன்படுத்தும். கடைசித் தொட்டியில் நைத்திரேற்று இன்னும் நிறைய இருந்தால் செலனியத்தின் முறை வரவில்லை என்று பொருள். மலசலகூடக் கழிவையோ பசளை கழுவிய நீரையோ இதற்குள் கலக்க விடாதீர்கள். மாறாக, அழுகிய முட்டை நாற்றம் பலமாக அடித்தால் சல்பேற்று வரை போய்விட்டது. வைக்கோல் கூடிவிட்டது, அடுத்த வருடம் போட வேண்டாம்.

பயனை அளக்கும்போது செறிவை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். 333 சதுர மீற்றரில் நாளுக்கு 6 மில்லிமீற்றர் ஆவியானால் 2 கனமீற்றர் போய்விடும். உள்ளே 10 கனமீற்றர் 50 மைக்கிரோகிராமுடன், அதாவது 500 மில்லிகிராம். வெளியே 8 கனமீற்றர் 15 மைக்கிரோகிராமுடன், அதாவது 120 மில்லிகிராம். உண்மையில் குறைந்தது 76 வீதம், செறிவைப் பார்த்தால் 70 என்றுதான் தெரியும். மாரியில் இது தலைகீழ். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 33 கனமீற்றர் நீர் சேரும், அது மூன்று நாள் கழிவுநீருக்கு மேல். அப்போது வரும் நல்ல முடிவு செடியின் திறமை அல்ல, மழையின் கலப்பு. வரம்பை நீர்மட்டத்திலிருந்து 50 சென்ரிமீற்றர் உயர்த்திக் கட்டுங்கள். மார்கழி மழையில் உடைந்தால் வருடக்கணக்காகச் சேர்த்த சேறு வயலுக்குப் போகும்.

கோடையிலும் தொட்டியைக் காய விடவே கூடாது. சேறு வெடித்துக் காற்றுப் பட்டால் படிந்திருந்த செலனியம் மறுபடி ஒட்சியேறி, அடுத்த மழையில் செலனேற்றாகக் கரைந்து மொத்தமாக வெளியேறும். தொழிலகம் மூடியிருக்கும் நாட்களிலும் நீர்மட்டம் காக்க ஒரு வழி வேண்டும்.

கேள்வி: இப்படி ஒரு ஈரநிலம் அமைத்தால் கொக்கு, நாரை எல்லாம் வரும், ஊருக்கும் அழகு என்கிறார்கள். சரியா? (நிலாவெளி)

பதில்: செலனியம் தேக்கும் ஈரநிலத்துக்குப் பறவை வரக்கூடாது. கலிபோர்னியாவின் கெஸ்டர்சன் தேக்கத்தில் பாசன வடிநீரைச் சேர்த்தார்கள். பறவைகளின் சரணாலயமாகவே அது இருந்தது. நீரில் செலனியம் லீற்றருக்குச் சுமார் 300 மைக்கிரோகிராம். நுளம்பு தின்னும் சிறு மீனைத் தவிர மற்ற மீன்கள் இல்லாமல் போயின. 1983 இல் கூடுகளைப் பார்த்தபோது முட்டைக்குள் கண் இல்லாத, அலகு கோணிய, கால் வளராத குஞ்சுகள் கிடந்தன. 1986 இல் வடிநீர் வரத்து நிறுத்தப்பட்டு, 1988 இல் பள்ளங்கள் மண்ணிட்டு மூடப்பட்டன.

கரையைச் சரிவாக விடாமல் செங்குத்தாக வெட்டுங்கள், நடுவில் திட்டு வைக்காதீர்கள், திறந்த நீர் தெரியாமல் சம்பை அடர்த்தியாக வளர விடுங்கள், வலை கட்டுங்கள். மீன் விடவே வேண்டாம். நுளம்புக்குக் கப்பி மீன் விடும் நம் வழக்கம் இங்கே பொருந்தாது. மீன் செலனியத்தைச் சேர்த்து வைக்கும், அதைக் கொக்கு தின்னும். நுளம்புக் குடம்பியைக் கொல்லும் பி.ரி.ஐ. என்ற பற்றீரியாத் தூளைச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையுடன் தூவலாம்.

கேள்வி: அறுத்த செடியை மாட்டுக்குப் போடலாமா? எரித்தால் என்ன? (தோப்பூர்)

பதில்: எரிக்க வேண்டாம். செலனியம் புகையோடு எழுந்து அயலில் படியும். மாட்டுக்கும் அப்படியே போட வேண்டாம். மாட்டுத் தீனியின் உலர்நிறையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம் வரை செலனியம் தேவை, தாங்கும் உச்சம் 5 மில்லிகிராம். 20 மில்லிகிராம் உள்ள செடி அந்த உச்சத்தைப் போல் நான்கு மடங்கு. அளவு தெரிந்தால் மற்றத் தீனியுடன் சிறு பங்காகக் கலக்கலாம் என்று நூல்கள் சொல்லும், ஆனால் ஒவ்வொரு அறுவடையும் அளவில் மாறும். ஒவ்வொரு முறையும் பரிசோதிக்காதவர் அதில் இறங்கக்கூடாது. பாதுகாப்பான வழி: நீர் ஊடுருவாத தளத்தில் கூரையின் கீழ் காயவைத்து நிறையைக் குறைத்து, மூடிய தாங்கியில் சேர்த்து, அபாயக் கழிவாக ஒப்படைப்பது. வடியும் சாற்றைத் தலைத் தொட்டிக்கே திருப்பி விடுங்கள்.

கேள்வி: கழிவு வாய்க்காலில் தானாக முளைக்கும் கங்குனைப் பறித்துச் சமைக்கிறார்கள். ஆபத்தா? (உப்புவெளி)

பதில்: செலனியம் உள்ள வாய்க்காலானால் ஆபத்து. 100 கிராம் பச்சைக் கங்குனில் உலர்நிறை சுமார் 8 கிராம். அதில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் இருந்தால் அந்த ஒரு கறியில் 400 மைக்கிரோகிராம். வளர்ந்தவர் ஒரு நாளில் தாண்டக்கூடாத உச்சமாக அமெரிக்க வழிகாட்டல் சொல்வது அதே 400. தொடர்ந்து உண்டால் மயிர் உதிரும், நகம் வெடித்துக் கழலும், மூச்சில் உள்ளி மணம் வரும். செலனியம் இல்லாவிட்டாலும் கழிவு வாய்க்கால் கீரையில் ஈயமும் கிருமியும் இருக்கலாம். பறிக்க வேண்டாம்.

கேள்வி: பரிசோதனைக்கு நீர் மாதிரியை எப்படி எடுத்து அனுப்புவது? (தம்பலகாமம்)

பதில்: ஆய்வுகூடத்தை அழைத்து முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: அவர்களால் லீற்றருக்கு 1 அல்லது 2 மைக்கிரோகிராம் வரை காண முடியுமா? கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும், கடையில் விற்கும் டி.டி.எஸ். கருவிக்குச் செலனியம் தெரியாது.

அரை லீற்றர் புதிய பொலித்தீன் போத்தல் இரண்டு எடுங்கள். குழாய்க்கிணறானால் பத்து நிமிடம் இறைத்து விட்டு, போத்தலை அதே நீரால் மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்புங்கள். ஒரு போத்தலுக்குள் ஆய்வுகூடம் தரும் தூய நைத்திரிக்கமிலம் ஒரு மில்லிலீற்றர் விட வேண்டும். அதற்கு அலசாத, அவர்களே தயாரித்துத் தரும் போத்தல் கிடைத்தால் இன்னும் நல்லது. இந்தப் போத்தல் மொத்தச் செலனியத்துக்கு. செலனேற்றா செலனைற்றா என்று பிரித்துப் பார்ப்பதற்கான மற்றப் போத்தலில் அமிலம் விடாதீர்கள், வடிவம் மாறிவிடும். அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து விரைவாகச் சேர்ப்பியுங்கள். கலங்கிய நீரானால் வடிகட்டியதும் வடிகட்டாததும் தனித்தனியே வேண்டும். காய்ச்சி வடித்த நீரை ஊற்றிய மூன்றாவது போத்தல் ஒன்றையும் அடையாளம் சொல்லாமல் சேர்த்து அனுப்புங்கள். அதில் செலனியம் இருப்பதாக முடிவு வந்தால் மற்ற இரண்டின் முடிவையும் நம்ப வேண்டாம், மறுபடி எடுங்கள்.